கெமராவுக்குள் வெளிச்சம் எப்படிப் படமாகிறது? மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போனில் படம் எடுக்கிற பிள்ளைகள், பாடசாலையில் ஒளியியல் படிக்கிறவர்கள், கலியாண வீடுகளில் படம் எடுத்துத் தொழில் பழகுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். எந்தப் பட்டனை அமுக்க வேண்டும் என்று சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். உள்ளே வெளிச்சம் என்ன செய்கிறது என்று தெரிந்துவிட்டால் பட்டன்கள் தாமாகவே விளங்கிவிடும் என்பது என் நம்பிக்கை. அதனால் பதில்கள் எல்லாம் வெளிச்சத்திலிருந்தே தொடங்குகின்றன.

அவ்வளவு பெரிய மலை இவ்வளவு சின்னக் கெமராவுக்குள் எப்படிப் போகிறது?

உள்ளே போவது மலையில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம். வெயில் ஒரு தேயிலை இலையில் விழுந்தால் ஒரு பகுதியை இலை உறிஞ்சிக்கொள்ளும்; மிச்சம் எல்லாத் திசையிலும் தெறிக்கும். இலையின் ஒவ்வொரு புள்ளியும் இப்படித்தான் வெளிச்சத்தை வீசிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் எந்தப் பக்கம் நின்றாலும் இலை கண்ணுக்குத் தெரிகிறது.

இப்போது ஒரு வெள்ளைத் தாளை மலைக்கு நேரே பிடியுங்கள். மலையின் எல்லாப் புள்ளிகளிலிருந்தும் வெளிச்சம் தாளில் விழுகிறது. ஆனாலும் தாளில் மலை தெரிவதில்லை. கொழுந்து நிறுக்கும் இடத்தில் எல்லாருடைய கூடையையும் ஒரே குவியலாகக் கொட்டிவிட்டால் எது யார் பறித்தது என்று எவராலும் பிரிக்க முடியாதல்லவா? தாளில் நடப்பதும் அதுதான். தாளின் ஒவ்வொரு இடத்திலும் மலை முழுவதின் வெளிச்சமும் கலந்து கிடக்கிறது.

படம் உண்டாக வேண்டுமென்றால், மலையின் ஒரு புள்ளியிலிருந்து வரும் வெளிச்சம் தாளிலும் ஒரே புள்ளிக்குத்தான் போக வேண்டும். கெமராவின் முதல் வேலை இந்தப் பிரிப்பு. சின்னத் துளை இதைச் செய்யும், லென்ஸ் இதையே இன்னும் நன்றாகச் செய்யும். கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை இந்த ஒரு விஷயத்திலிருந்து பிறப்பவை.

துளை எப்படிப் பிரிக்கிறது? படம் ஏன் தலைகீழாக விழுகிறது?

வெளிச்சம் நேர்கோட்டில் போகும். ஒரு பெட்டியின் முன்பக்கம் ஊசித்துளை போட்டால், மலை உச்சியிலிருந்து கிளம்பும் கதிர்களில் அந்தத் துளைக்கு நேராக வருபவை மட்டும் உள்ளே நுழையும். மேலிருந்து வருவதால் அவை சரிந்து பெட்டியின் கீழ்ப்பகுதியில் விழும். அடிவாரத்திலிருந்து வருபவை மேல்பகுதியில் விழும். இடதும் வலதும் அதேபோல் மாறும். கதிர்கள் துளையில் ஒன்றையொன்று கடப்பதால் வரும் விளைவு இது.

நம் கண்ணுக்குள்ளும் விம்பம் தலைகீழாகத்தான் விழுகிறது. மூளை அதை நேராகப் புரிந்துகொள்கிறது. டிஜிட்டல் கெமராவில் அந்த வேலையை உள்ளே இருக்கும் கணினி செய்கிறது.

இதை வீட்டிலேயே பார்க்க முடியுமா?

தகரக் கூரை வீட்டில் வளர்ந்தவர்கள் இதை ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள். ஆணித் துளை வழியாக வெயில் இறங்கி நிலத்தில் வட்டமாக ஒரு வெளிச்சப் பொட்டு விழும். துளை கோணல்மாணலாக இருந்தாலும் பொட்டு வட்டமாகத்தான் இருக்கும். காரணம், அது சூரியனின் விம்பம். சூரியன் சாய்வாக இருந்தால் நிலத்தில் முட்டை வடிவில் நீளும். ஒரு தாளைக் கதிருக்குக் குறுக்காகப் பிடித்தால் வட்டம் சரியாக வந்துவிடும். பொட்டின் அகலம் துளையிலிருந்து தாளுக்குள்ள தூரத்தில் ஏறத்தாழ 108இல் ஒரு பங்கு. மூன்று மீற்றர் தூரமென்றால் கிட்டத்தட்ட 28 மில்லிமீற்றர், அதோடு துளையின் அகலமும் கொஞ்சம் சேரும். மர நிழலில் சிதறிக் கிடக்கும் வட்ட வெளிச்சங்களும் இதே வகைதான். 2019 டிசம்பர் 26ஆம் திகதி சூரிய கிரகணம் வந்தபோது இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் சூரியன் வளையமாகத் தெரிந்தது. மலையகத்தில் அது பகுதிக் கிரகணம். அப்படிப்பட்ட நேரத்தில் கூரைப் பொட்டுகளும் மர நிழல் வட்டங்களும் பிறை வடிவத்துக்கு மாறிவிடும். சூரியனை நேராகப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாமல் கிரகணம் பார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

இன்னும் பெரிதாகப் பார்க்க ஆசையென்றால் லயக் காம்பரா ஒன்றையே கெமராவாக்கலாம். வெளியே நல்ல வெயில் இருக்க வேண்டும். வெயில்படும் மலையைப் பார்த்த ஜன்னலைத் தடித்த அட்டையால் மூடுங்கள். கதவு இடுக்கு, கூரை ஓட்டை எல்லாவற்றையும் துணியால் அடையுங்கள். அட்டையில் ஒரு சென்றிமீற்றர் அகலத்தில் ஒரு துளை. எதிர்ச் சுவரில் வெள்ளைப் படுக்கை விரிப்பைத் தொங்கவிடுங்கள். பத்து நிமிடம் இருட்டில் அப்படியே இருங்கள், கண் பழக வேண்டும். அப்புறம் வெளியே இருக்கிற மலையும் வானமும் பாதையும் தலைகீழாக, நிறத்தோடு, அசைவோடு விரிப்பில் தெரியும். துளையைப் பெரிதாக்கினால் படம் வெளிச்சமாகும், ஆனால் கலங்கும். சின்னதாக்கினால் தெளிவாகும், ஆனால் மங்கும். பிள்ளைகளுக்கு ஒளியியல் சொல்லித்தரும் ஆசிரியர்கள் கரும்பலகையில் கோடு போடுவதற்கு முன்னால் இதைக் காட்டிவிட வேண்டும் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

இதை முதலில் கண்டுபிடித்தவர் யார்?

ஒருவர் என்று சொல்ல முடியாது. கி.மு. காலத்திலேயே சீனாவில் மோசி என்ற அறிஞரின் வழிவந்தோர் துளையால் தலைகீழ் விம்பம் விழுவதை எழுதிவைத்தார்கள். பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்னு அல்-ஹைதம் என்ற அரபு அறிஞர், வெளிச்சம் பொருளிலிருந்து கண்ணுக்கு வருகிறது என்பதைச் சோதனைகளோடு நிறுவினார். இருட்டறைக்குள் விம்பத்தைப் பார்ப்பது வரை மனிதருக்கு எப்போதோ தெரிந்துவிட்டது. அது அழியாமல் நிற்க வைப்பதுதான் கடினமாக இருந்தது. அதைச் சாதித்து இன்றும் எஞ்சியிருக்கும் மிகப் பழைய கெமராப் படம் 1826 அல்லது 1827இல் பிரான்சில் நீப்ஸ் என்பவர் எடுத்தது. தகட்டில் ஒருவகைத் தாரைப் பூசி, ஜன்னலோரத்தில் பல மணிநேரம் வெளிச்சம் காட்டினார். 1839இல் டாகெர் வெள்ளி பூசிய செப்புத் தகட்டு முறையை உலகுக்கு அறிவித்தார். இங்கிலாந்தில் டால்பட் நெகட்டிவ் முறையைக் கொண்டுவந்தார். ஒரு நெகட்டிவிலிருந்து எத்தனை பிரதி வேண்டுமானாலும் போடலாம் என்ற வழக்கம் அவரிடமிருந்து வந்தது.

துளையே போதுமென்றால் லென்ஸ் எதற்கு?

துளை பிரிக்கிறது, ஆனால் மிகக் கொஞ்சமாகத்தான் வெளிச்சத்தை உள்ளே விடுகிறது. 15 சென்றிமீற்றர் ஆழமுள்ள ஒரு பெட்டிக்கு ஏற்ற துளை கிட்டத்தட்ட அரை மில்லிமீற்றர். இதற்கும் எஃப் 2 லென்ஸ் ஒன்றுக்கும் (அகலத் திறப்புள்ள லென்ஸ்; எஃப் எண் என்னவென்று கீழே சொல்கிறேன்) உள்ளே விடும் வெளிச்சத்தில் உள்ள வித்தியாசம் 22,500 மடங்கு. லென்ஸால் செக்கனின் 500இல் ஒரு பங்கில் எடுக்கும் படத்துக்குத் துளைக் கெமரா 45 செக்கன் திறந்திருக்க வேண்டும். அதுவரை எந்தப் பிள்ளை அசையாமல் நிற்கும்?

லென்ஸ் செய்வது இதுதான்: மலையின் ஒரு புள்ளியிலிருந்து விரிந்து வரும் கதிர்களை அகலமாக வாங்கி, எல்லாவற்றையும் வளைத்து, மறுபடி ஒரே புள்ளியில் சேர்க்கிறது. வெளிச்சம் காற்றில் செக்கனுக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீற்றர் வேகத்தில் போகும்; கண்ணாடிக்குள் அது 2 இலட்சம் அளவுக்குக் குறையும். சாய்வாக நுழையும் கதிர் இந்த வேக மாற்றத்தால் திசை திரும்புகிறது. பாடசாலையில் ஒளி முறிவு என்று படிப்பது இதைத்தான். குவிவு வில்லையின் நடுவில் நுழையும் கதிர் அநேகமாக நேராகப் போகும், ஓரத்தில் நுழைவது அதிகமாக வளையும். அந்த வளைவு சரியாக அமைந்தால் எல்லாம் ஓரிடத்தில் சந்திக்கும்.

ஒரே கண்ணாடி ஒரு சிக்கலும் கொண்டுவரும். நீலத்தை அது சிவப்பைவிடக் கொஞ்சம் கூடுதலாக வளைக்கும். அதனால் பளிச்சென்ற வானத்துக்கு முன்னால் இருக்கும் மரக்கிளையின் ஓரத்தில் ஊதா நிறக் கோடு தெரியும். இதைத் திருத்தத்தான் நல்ல லென்ஸ்களில் வெவ்வேறு வகைக் கண்ணாடிகளைச் சேர்த்து அடுக்குகிறார்கள். விலை ஏறுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கொழுந்து தெளிவாக வந்தால் பின்னால் இருக்கிற மலை கலங்குகிறது. போனில் மட்டும் இரண்டும் தெளிவாக வருவது ஏன்?

லென்ஸ் கதிர்களைச் சேர்க்கும் இடம் பொருளின் தூரத்தைப் பொறுத்து மாறும். 50 மில்லிமீற்றர் குவியத் தூரமுள்ள லென்ஸ், தூரத்து மலையின் விம்பத்தைத் தனக்குப் பின்னால் 50 மில்லிமீற்றரில் சேர்க்கும். அரை மீற்றர் தூரத்தில் இருக்கிற கொழுந்தின் விம்பத்தை 55.6 மில்லிமீற்றரில் சேர்க்கும். விம்பத்தைப் பதியும் தகடான சென்சர் ஓரிடத்தில்தான் இருக்க முடியும். கொழுந்துக்காக லென்ஸை முன்னால் நகர்த்தினால் மலையின் கதிர்கள் சென்சருக்கு முன்னாலேயே சந்தித்து, மறுபடி விரிந்து, புள்ளிக்குப் பதில் வட்டமாக விழும். அந்த வட்டங்கள்தான் கலக்கம்.

போன் லென்ஸின் குவியத் தூரம் ஏறத்தாழ 5 மில்லிமீற்றர். அதே கொழுந்துக்கும் மலைக்கும் நடுவில் அங்கே வித்தியாசம் வெறும் 0.05 மில்லிமீற்றர். அதனால் இரண்டும் ஏறக்குறையத் தெளிவாக இருக்கும். போனில் ‘போர்ட்ரெய்ட்’ என்று போட்டால் பின்னணி மங்குகிறதே என்பீர்கள். அது வெளிச்சம் செய்த கலக்கம் இல்லை, கணினி கணக்குப் போட்டுச் செய்தது. அதனால்தான் சிலவேளை தலைமுடியையும் கூடைக் கயிற்றையும் சேர்த்து அழித்துவிடுகிறது.

எஃப் எண் பெரிதானால் துளை ஏன் சின்னதாகிறது?

அது ஒரு வகுத்தல் கணக்கு. குவியத் தூரத்தை லென்ஸுக்குள் இருக்கும் திறப்பின் விட்டத்தால் வகுத்தால் வருவது எஃப் எண். 50 மில்லிமீற்றர் லென்ஸில் 25 மில்லிமீற்றர் திறப்பு என்றால் எஃப் 2. திறப்பு சின்னதானால் விடை பெரிதாகும்.

1.4, 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்ற வரிசையை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஒவ்வொரு படியிலும் உள்ளே வரும் வெளிச்சம் பாதியாகும். திறப்பைச் சின்னதாக்கினால் முன்னும் பின்னும் தெளிவு கூடும். ஹப்புத்தளையில் நின்று பள்ளத்தாக்கு முழுவதையும் எடுக்கிறவர் எஃப் 8 அல்லது 11 வைப்பார். பாட்டியின் முகத்தை மட்டும் எடுக்கிறவர் எஃப் 2 வைப்பார். மிகச் சின்னத் திறப்பில் வெளிச்சம் ஓரங்களில் பட்டு விரிந்து படம் மறுபடி மென்மையாகிவிடும். தேவையில்லாமல் எஃப் 22க்குப் போகாதீர்கள்.

நீர்வீழ்ச்சி பட்டுத்துணி மாதிரி வருகிறதே, அது எப்படி?

ஷட்டர் நேரத்தால். ஷட்டர் என்பது வெளிச்சத்தை உள்ளே விடத் திறந்து மூடும் கதவு. ஷட்டர் திறந்திருக்கும் நேரம் முழுவதும் வந்து விழும் வெளிச்சத்தைக் கெமரா சேர்த்துக்கொண்டே இருக்கும். தலவாக்கலைப் பாதையில் சென். கிளயர், டெவோன் நீர்வீழ்ச்சிகளை நிறையப் பேர் எடுக்கிறார்கள். செக்கனின் 500இல் ஒரு பங்கில் எடுத்தால் துளிகள் தனித்தனியாக உறைந்து நிற்கும். அரைச் செக்கன் திறந்து வைத்தால் ஒவ்வொரு துளியும் ஒரு கோடாக இழுபடும். ஆயிரக்கணக்கான கோடுகள் சேர்ந்து திரையாகத் தெரியும். பாறை அசையாததால் தெளிவாகவே இருக்கும், நீங்கள் கெமராவை முக்காலியில் வைத்திருந்தால். பகலில் அரைச் செக்கனுக்கு வெளிச்சம் மிஞ்சிவிடும் என்பதால் விடியலிலோ மப்பான நாளிலோ போங்கள், அல்லது லென்ஸுக்கு முன்னால் கறுத்த கண்ணாடி போடுங்கள்.

என்னைக் கேட்டால், இதே பாடத்தைக் கொழுந்து பறிக்கும் கைகளில் கற்றுக்கொள்வது மேல். விரல்கள் அவ்வளவு வேகமாகப் போகின்றன. 60இல் ஒரு பங்கில் கை கலங்கி, முகம் தெளிவாக நிற்கும். அதில் வேலையின் வேகம் தெரியும். 500இல் ஒரு பங்கில் இரண்டு இலையும் ஒரு மொட்டும் விரலுக்கிடையில் அப்படியே தெரியும். இரண்டும் உண்மையான படங்கள்தான். எதைக் காட்ட வேண்டும் என்று முடிவெடுப்பது நீங்கள்.

பிலிமில் படம் எப்படித் தங்கியது?

பிலிமில் ஜெலட்டினுக்குள் வெள்ளி உப்பின் நுண்ணிய படிகங்கள் இருக்கும். வெளிச்சம் பட்ட படிகத்தில் ஒருசில வெள்ளி அணுக்கள் தனியாகப் பிரிந்து நிற்கும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கழுவும் இரசாயனத்தில் போட்டால் அந்தப் படிகங்கள் மட்டும் முழுதாக வெள்ளியாகிக் கறுக்கும். அடுத்த இரசாயனம் வெளிச்சம் படாத உப்பைக் கரைத்து நீக்கிவிடும். வெளிச்சம் விழுந்த இடம் கறுப்பாவதால் அது நெகட்டிவ். பழைய ஸ்டூடியோக்களின் இருட்டறையில் சிவப்பு பல்ப் எரிந்தது, கறுப்பு வெள்ளை பிரிண்ட் தாளுக்குச் சிவப்பு வெளிச்சம் உறைக்காது என்பதால்தான்.

டிஜிட்டல் சென்சர்?

அது சிலிக்கன் தகடு. ஒளித்துகள் ஒன்று சிலிக்கனில் மோதினால் ஓர் இலத்திரனை விடுவிக்கும். சென்சரில் இலட்சக்கணக்கான சின்னக் கட்டங்கள் இருக்கின்றன. ஷட்டர் நேரம் முடிந்ததும் ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு மின்னேற்றம் சேர்ந்தது என்று அளந்து எண்ணாக எழுதுகிறது. 12 மெகாபிக்சல் என்றால் 4000க்கு 3000 கட்டங்கள். இதற்கு வழிகாட்டிய சி.சி.டி. தகட்டை 1969இல் பொய்ல், ஸ்மித் இருவரும் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் உருவாக்கினார்கள். 2009இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1975இல் கொடாக்கில் வேலை செய்த ஸ்டீவன் சாசன் செய்த டிஜிட்டல் கெமராவில் மொத்தமே 100க்கு 100 கட்டங்கள். ஒரு படத்தைக் கசெட்டில் பதிய 23 செக்கன் எடுத்தது.

பலருக்கும் வியப்பான விஷயம், சிலிக்கனுக்கு நிறம் தெரியாது என்பது. எவ்வளவு வெளிச்சம் என்று மட்டும்தான் அதற்குத் தெரியும். அதனால் ஒவ்வொரு கட்டத்தின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய வடிகட்டிகளில் ஒன்றை வைக்கிறார்கள். நான்கு கட்டங்களில் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். கொடாக்கின் பிரைஸ் பேயர் இந்த ஒழுங்குக்கு 1976இல் காப்புரிமை பெற்றார். மனிதக் கண் வெளிச்சத்தின் ஏற்ற இறக்கத்தைப் பச்சைப் பகுதியில்தான் கூடுதலாக உணர்கிறது, பச்சைக்கு இரண்டு பங்கு கொடுத்தது அதனால்தான். ஒரு கட்டத்தில் அளக்காத மற்ற இரண்டு நிறங்களையும் பக்கத்துக் கட்டங்களைப் பார்த்துக் கெமரா ஊகித்து நிரப்புகிறது.

மெகாபிக்சல் கூடினால் படம் நல்லதா?

பெரிதாகப் பிரிண்ட் போட உதவும். சின்னச் சென்சரில் அளவுக்கு மீறி நெருக்கினால் ஒவ்வொரு கட்டத்துக்கும் வெளிச்சம் குறையும். லென்ஸைத் துடையுங்கள், அது அதைவிட உதவும்.

பனிமூட்டத்தில் எடுத்த படம் அழுக்குச் சாம்பலாக வருகிறது. என்ன செய்வது?

நுவரெலியாவிலிருந்தும் லிந்துலையிலிருந்தும் எத்தனையோ பேர் கேட்கும் கேள்வி இது. மலையகத்தில் படம் எடுக்கிறவர்கள் முதலில் தேர்ச்சி பெற வேண்டிய இடமும் இதுதான், ஏனென்றால் பனி எங்கள் ஊரின் வெளிச்சம்.

கெமராவுக்கு நீங்கள் காட்டுவது பனியா, வெள்ளைச் சுவரா, கரிப் பாத்திரமா என்று தெரியாது. உலகம் சராசரியாக நடுத்தரச் சாம்பல், அதாவது விழும் வெளிச்சத்தில் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் நிறம், என்று எடுத்துக்கொண்டு அளவை முடிவு செய்யும். பனிமூட்டம் அதைவிட மிக வெளிச்சமானது. கெமரா ‘மிஞ்சிவிட்டது’ என்று நினைத்துக் குறைத்துவிடும். வெள்ளைப் பனி சாம்பலாகிவிடும். நீங்கள் அதைத் திருத்திக் கொடுக்க வேண்டும். கெமராவில் கூட்டல் கழித்தல் குறியுள்ள அளவை கூட்டல் 1 வரை ஏற்றுங்கள். போனில் திரையைத் தொட்டால் வரும் சின்னச் சூரியக் குறியை மேலே இழுங்கள்.

சரி, பனி ஏன் வெள்ளை? பனித்துளி ஒன்றின் அகலம் ஏறத்தாழ மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கு. பச்சை வெளிச்சத்தின் அலைநீளம் அதில் இருபதில் ஒரு பங்கு அளவுதான். அலையைவிட இவ்வளவு பெரிய துளி எல்லா நிறத்தையும் ஏறக்குறையச் சமமாகச் சிதறடிக்கும். எல்லாம் சேர்ந்தால் வெள்ளை. காற்றின் மூலக்கூறுகள் அலையைவிட மிகவும் சின்னவை. அவை நீலத்தைச் சிவப்பைவிட நான்கு மடங்குக்கு மேல் சிதறடிக்கும். அதனால் பனியில்லாத காலையில் அடுக்கடுக்காகத் தெரியும் தூரத்து மலைகள் நீலம் பூசிக்கொள்கின்றன.

முன்பு சொன்ன பிரிப்பைப் பனி குலைக்கிறது. மரத்திலிருந்து வரும் வெளிச்சத்தில் ஒரு பங்கு வழியிலேயே திசை மாறிப் போகிறது, வேறெங்கிருந்தோ வந்த வெளிச்சம் துளிகளில் பட்டு அதே கோட்டில் கெமராவுக்குள் வருகிறது. தூரம் கூடக் கூட மரம் வெளிறும். இதைக் குறை என்று நினைக்காமல் பயன்படுத்துங்கள்: பக்கத்தில் கறுப்பாக ஒரு சவுக்கு மரம், அதற்குப் பின்னால் சாம்பலாக ஒன்று, அதற்கும் பின்னால் வெளிறிய ஒன்று என்று ஆழம் தானாக வந்துவிடும். ஃபிளாஷ் மட்டும் போடாதீர்கள். அது பக்கத்துத் துளிகளில் பட்டுத் திரும்பி வந்து படம் முழுவதையும் வெள்ளையாக்கிவிடும்.

வானத்துக்கு முன்னால் நிற்கிற ஆளின் முகம் கறுத்துப்போகிறது. எங்கள் நிறம் காரணமா?

உங்கள் நிறம் குற்றவாளி இல்லை. இங்கும் அந்தச் சராசரிக் கணக்குத்தான். பெரிய வானத்தைப் பார்த்துக் கெமரா வெளிச்சத்தைக் குறைக்கிறது, முகம் அதில் பலியாகிறது. திரையில் முகத்தைத் தொட்டு, அதற்கு அளவு வையுங்கள். வானம் வெளுத்துப்போனால் போகட்டும். படத்தில் பார்க்க வேண்டியது முகம்.

ஆனால் இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கலர் பிரிண்ட் கூடங்களுக்கு நிறத்தைச் சரிபார்க்கக் கொடாக் அனுப்பிய அட்டையில் வெள்ளைத்தோல் பெண் ஒருவரே இருந்தார். ‘ஷெர்லி அட்டை’ என்று அதற்குப் பெயர். அவருடைய தோல் சரியாக வந்தால் பிரிண்ட் சரி என்று எடுத்துக்கொண்டார்கள். கறுத்த தோலின் நுட்பமான நிறங்கள் பல காலம் கவனிக்கப்படவில்லை. பல நிறத்தவரும் இருக்கும் அட்டை 1990களில்தான் வந்தது. ஆகவே முகத்தை வெளுப்பாக்கும் ‘பியூட்டி’ வசதியை நிறுத்திவிட்டு எடுங்கள். ஜன்னலோரத்து மெல்லிய வெளிச்சத்தை ஒரு பக்கமிருந்து விழவிட்டால் கறுத்த முகம் போல அழகாக வேறெதுவும் படத்தில் வராது.

மலையகத்தில் அந்தக் காலத்தில் படம் எடுத்தவர்கள் யார்?

உலகப் புகழ்பெற்ற ஒருவர் இங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார், ஆனால் எங்கள் ஆட்களில் பலருக்குத் தெரியாது. ஜூலியா மார்கரெட் கெமரன் 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். 1863இல், 48 வயதில், மகளும் மருமகனும் பரிசாகக் கொடுத்த கெமராவில் தொடங்கி இங்கிலாந்தில் பெரும் பெயர் பெற்றார். கணவருக்கு இலங்கையில் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1875இல் இங்கே வந்தார், 1879 ஜனவரியில் டிக்கோயாப் பள்ளத்தாக்கில் இறந்தார். கல்லறை பொகவந்தலாவை சென். மேரிஸ் தேவாலயத்தில் இருக்கிறது.

அவர் பயன்படுத்தியது ஈரத் தகட்டு முறை. கண்ணாடித் தகட்டில் இரசாயனம் பூசி, அது காய்வதற்குள் படம் எடுத்து, காய்வதற்குள் கழுவ வேண்டும். தகட்டின் உணர்திறன் மிகக் குறைவு என்பதால் எதிரில் இருப்பவர் பல செக்கன்கள், சிலவேளை நிமிடக்கணக்கில் அசையாமல் இருக்க வேண்டும். அந்தப் படங்களில் தெரியும் மென்மைக்கு அதுவும் ஒரு காரணம், அவர் வேண்டுமென்றே விட்ட ஃபோகஸும் ஒரு காரணம்.

இலங்கையில் அவர் எடுத்தவற்றில் தமிழ்த் தொழிலாளர்களும் இருக்கிறார்கள். அவர்களில் பலருடைய பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை. அதற்குப் பிறகு விற்பனைக்கு வந்த தோட்டத்துத் தபாலட்டைகளிலும் இதே கதைதான்: கூடையோடு ஒரு பெண், பெயர் இல்லை. அதனால் நான் எல்லாரிடமும் கேட்பது ஒன்று. யாரை எடுத்தாலும் கேட்டுவிட்டு எடுங்கள், பிரிண்ட் போட்டு அவருக்கு ஒன்று கொடுங்கள், பின்பக்கம் பெயர், தோட்டம், திகதி எழுதுங்கள். போன் படமென்றால் கோப்பின் பெயரிலேயே எழுதலாம்.

சிவனொளிபாதமலைக்கு ஏறும் விளக்கு வரிசையை இரவில் எடுக்க முடியவில்லையே?

வெளிச்சம் குறைந்தால் நேரம் கூட்ட வேண்டும், வேறு வழியில்லை. மஸ்கெலியாப் பக்கமிருந்து எடுப்பதென்றால் கெமராவை மதிலிலோ முக்காலியிலோ வைத்து 10 செக்கன் அளவில் தொடங்குங்கள். கைபட்டு அசையாமல் இருக்க டைமர் போடுங்கள். நட்சத்திரமும் புள்ளியாக வர வேண்டுமென்றால் அகல லென்ஸில் 20 செக்கனைத் தாண்டாதீர்கள். பூமி மணிக்கு 15 பாகை சுழல்வதால் அதற்குமேல் நட்சத்திரம் கோடாகிவிடும்.

ஐ.எஸ்.ஓ. எண்ணை, அதாவது உணர்திறனைக் குறிக்கும் எண்ணை, ஏற்றினால் உள்ளே வரும் வெளிச்சம் கூடிவிடாது. வந்த கொஞ்ச வெளிச்சத்தின் அளவைப் பெருக்கிக் காட்டும், கூடவே மணல்மணலான இரைச்சலும் பெருகும். போனின் இரவு வசதி பல படங்களை அடுத்தடுத்து எடுத்து அடுக்கிச் சராசரி பார்க்கிறது. இரைச்சல் படத்துக்குப் படம் மாறும், விளக்கு மாறாது. 16 படங்களைச் சேர்த்தால் இரைச்சல் நான்கில் ஒரு பங்காகும்.

அதே மலையின் நிழல் விடியலில் முக்கோணமாக விழுகிறதே, கெமராவின் வேலையா?

இல்லை, கண்ணுக்கும் அப்படித்தான் தெரியும். நிழல் பல கிலோமீற்றர் நீளத்துக்கு உங்களிடமிருந்து விலகிப் போகிறது. தூரம் போகப் போக எதுவும் குறுகித் தெரிவதால், தண்டவாளம் தூரத்தில் சேர்வதுபோல் தெரிகிறதே, நிழலின் இரண்டு ஓரங்களும் அப்படியே ஒரு முனையில் சேர்கின்றன. உச்சி தட்டையான மலைக்கும் நிழல் கூம்பியே தெரியும்.

லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி ஏதோ வளர்கிறது.

பூஞ்சணம். எங்கள் ஈரப்பதத்தில் இது வராமல் இருந்தால்தான் அதிசயம். கண்ணாடியின் பூச்சை அது அரித்துவிடும். அரித்த இடத்தில் வெளிச்சம் சிதறி, பனிமூட்டத்தில் எடுத்ததுபோல் படம் வெளிறும். தோல் பையில் வைக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். காற்றுப்புகாத பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு மூடுங்கள், நிறம் மாறியதும் அதைச் சூடாக்கி உலர்த்திப் பயன்படுத்தலாம். பெட்டிக்குள் ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் இருந்தால் நல்லது. அடிக்கடி வெளியே எடுத்துப் பயன்படுத்துவதும் மருந்துதான்.

குளிரிலிருந்து கொழும்பு வெக்கைக்கு இறங்கும்போது கெமராவைப் பைக்குள்ளேயே கொஞ்ச நேரம் விட்டுவிடுங்கள். குளிர்ந்த கண்ணாடியில் ஈரக்காற்று பட்டால் உள்ளேயும் வியர்க்கும்.

தாத்தாவின் பழைய பிலிம் கெமரா இருக்கிறது. இன்னும் வேலை செய்யுமா?

செய்ய வாய்ப்பு உண்டு. பின்மூடியைத் திறந்து வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து ஷட்டரை அமுக்குங்கள். ஒரு செக்கன், 60இல் ஒரு பங்கு, 500இல் ஒரு பங்கு என்று மாற்றும்போது வித்தியாசம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். லென்ஸுக்குள் டோர்ச் அடித்துப் பூஞ்சணம் இருக்கிறதா என்று பாருங்கள். பின்மூடியின் ஓரத்தில் இருக்கும் பஞ்சு பிசுபிசுத்துப்போயிருந்தால் வெளிச்சம் கசியும், கறுப்புப் பஞ்சு நாடா ஒட்டி மாற்றலாம்.

வெளிச்சமானி செத்திருந்தாலும் கவலையில்லை. நல்ல வெயிலில் எஃப் 16 வைத்து, ஷட்டரைப் பிலிமின் ஐ.எஸ்.ஓ. எண்ணுக்குப் பக்கத்தில் வையுங்கள், ஐ.எஸ்.ஓ. 100 என்றால் 125இல் ஒரு பங்கு. இலேசான மேகத்துக்கு எஃப் 11, மப்பான நாளுக்கு எஃப் 8, கடும் மப்புக்கு எஃப் 5.6. அடர்ந்த பனிக்குள் இன்னும் ஒரு படி திறந்து எஃப் 4.